குளிசையின் பெயரை யாரிடம் கேட்பது? யாழ்ப்பாணத்தில் கைபேசி வழி மருத்துவம்

2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலோடு வந்த மழை யாழ். குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வெள்ளம் வடிந்துகொண்டிருந்த டிசெம்பர் முற்பகுதியில் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். கரவெட்டி, பருத்தித்துறை உள்ளிட்ட வடமராட்சிப் பகுதிகள் அதிகம் பாதிக்கப்பட்டன. ஒரு சில நாட்களுக்குள் ஏழு பேர் உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. முதலில் அது ‘இனங்காணப்படாத காய்ச்சல்’ என்றே சொல்லப்பட்டது. இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்ட பின்னரே எலிக்காய்ச்சல் என்பது உறுதியானது. அதன் பிறகு சுகாதாரத் துறையினர் வயல்களில் வேலை செய்வோருக்குத் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினர்.

காய்ச்சலுக்குப் பெயர் இல்லாதிருந்த அந்தச் சில நாட்களில் குடாநாட்டின் கைபேசிகள் ஓயவில்லை. எந்த ஊர், என்ன வயது, என்ன அறிகுறி என்று ஒரே செய்தி பல வடிவங்களில் சுற்றியது. ஊகமும் உண்மையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து வந்தன. நோயின் பெயர் தெரியவந்ததும் சுகாதாரத் துறையின் அறிவுறுத்தலைக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே கைபேசிதான். நீரில் இறங்கி வேலை செய்தவர்கள் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்ற ஒற்றை வரி, கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

கைபேசியில் வரும் மருத்துவத் தகவலில் பாதி பிழை என்று எமது மக்களுக்குத் தெரியாமல் இல்லை. பிழையான தகவலால் அலைந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் அடுத்த முறை வருத்தம் வரும்போது மீண்டும் கைபேசியைத்தான் எடுக்கிறார்கள். ஏன்? ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற வழக்கமான பதில் போதாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருட யுத்தத்தின் அனுபவமும், அதற்குப் பிந்திய காலத்தின் அனுபவமும் இருக்கின்றன.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஒருமுறை பயன்படுத்துவதற்கும் தொடர்ந்து பயன்படுத்துவதற்கும் காரணங்கள் வேறு வேறு என்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். இதில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அனோல் பட்டாச்சார்ஜி 2001 இல் முன்வைத்த விளக்கம். இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்தியவர்களை ஆராய்ந்து அவர் சொன்னது இதுதான்: ஒருவர் ஓர் எதிர்பார்ப்போடு வருகிறார், அந்த எதிர்பார்ப்பு நிறைவேறினால் திருப்தி அடைகிறார், பயன் இருப்பதாக உணர்கிறார், ஆகவே தொடர்கிறார். நிறைவேறாவிட்டால் விட்டுவிடுகிறார்.

இது எம்மிடையே சில இடங்களில் அப்படியே பொருந்துகிறது. 1990 ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள். இந்தியாவின் உதவியோடு 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. அழைத்தால் வாகனம் வருகிறது, பணம் கேட்பதில்லை. அதனால் மக்கள் அந்த இலக்கத்தை மறப்பதில்லை. யாரும் பிரசாரம் செய்யத் தேவையில்லாமலே அது நிலைத்துவிட்டது. மறுபுறம், பெருந்தொற்றுக் காலத்தில் வந்த சுகாதாரச் செயலிகளில் எத்தனை இன்றும் எமது கைபேசிகளில் இருக்கின்றன என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு வங்கி பிடிக்காவிட்டால் இன்னொரு வங்கிக்குப் போகலாம். வருத்தம் வந்தால், போக வேறு இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எமது மக்கள் கைபேசியைத் தொடர்ந்து பயன்படுத்துவது அதில் திருப்தி கண்டதால் மட்டுமல்ல. மற்றக் கதவுகள் தூரத்தில் இருக்கின்றன, அல்லது மூடிக்கிடக்கின்றன, அல்லது அவற்றின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஒரு நாள் கூலியின் விலை

வடமாகாணம் முழுவதற்கும் உள்ள ஒரே போதனா வைத்தியசாலை யாழ். நகரில் இருக்கிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் தூரம் அதிகமில்லை. ஆனால் ஒரு கிளினிக்குக்குப் போவதென்றால் விடிய எழும்பி பஸ் பிடிக்கவேண்டும், இலக்கம் எடுக்கவேண்டும், காத்திருக்கவேண்டும், மருந்துக்கு இன்னொரு வரிசையில் நிற்கவேண்டும். நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு அது ஒரு நாள் உழைப்பு. கணவனை யுத்தத்தில் இழந்து தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணுக்கு, பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. நெடுந்தீவில் இருப்பவர் படகேறிக் குறிகாட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறவேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டுப் போனாலும் அங்கே என்ன இருக்கும் என்பது நிச்சயமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்து தட்டுப்பாடானது. மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் இல்லை என்றால் மருந்தும் இல்லை. ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு நடந்த காலம் அது. பெற்றோல் வரிசையில் நின்றவர்களால் வைத்தியசாலைக்குப் போகவும் முடியவில்லை. அப்போது எந்தப் பாமசியில் எந்தக் குளிசை இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொன்னது கைபேசியில்தான். அதன் பின் வைத்தியர்கள் பெருமளவில் நாட்டைவிட்டு வெளியேறினர். 2024 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கொடுப்பனவு கேட்டுச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ‘இன்றைக்குக் கிளினிக் நடக்குதாமோ?’ என்று புறப்படுமுன் கேட்பது எமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தருவதே பலருக்குக் கைபேசியின் முதல் மருத்துவப் பயன்.

இங்கே ஒரு நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. 2020 இல் ஊரடங்குச் சட்டம் நீடித்தபோது, கிளினிக் நோயாளருக்கான மாதாந்த மருந்துகள் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. நிருவாகம் மனம் வைத்தால் தூரத்தைக் குறைக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

மருந்துத் துண்டின் மொழி

வைத்தியசாலையிலிருந்து நாம் கொண்டுவரும் கடதாசிகளில் முக்கியமானவை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை அறிக்கை, குளிசை அட்டை, எல்லாமே. வைத்தியர் ஐந்து நிமிடத்தில் சொன்னது வீட்டுக்கு வருமுன் மறந்துவிடும். பிறகு அந்தக் கடதாசியைப் படம் பிடித்து யாரிடமாவது அனுப்பி, ‘இது என்னத்துக்கு?’ என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு விதிக்கப்பட்ட நிலை அல்ல. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். பின்னர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திர சிகிச்சை முதலிய துறைகளின் பாடநூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கிராமத்து மக்களிடையே வேலை செய்யும் வைத்தியன் அவர்களின் மொழியிலேயே படித்திருக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே மண்ணில் ஒரு மூதாட்டி தனது குளிசையின் பெயரை அறியப் பேரப்பிள்ளையின் கைபேசியை நம்பியிருக்கிறார்.

கைபேசியில் கிடைக்கும் தமிழும் பெரும்பாலும் எமது தமிழ் அல்ல. யூரியூப்பில் தமிழில் பேசும் வைத்தியர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நல்லவர்கள் பலர் உண்டு, அவர்களால் எமக்குப் பயனும் உண்டு. ஆனால் அவர்கள் மாத்திரை என்பது எமக்குக் குளிசை. அவர்களுடைய இடுப்பு வலி எமக்கு நாரி நோ, அவர்களுடைய வாந்தி எமக்குச் சத்தி. இது விளங்கிக்கொள்ளக்கூடிய வேறுபாடு. விளங்கிக்கொள்ள முடியாதது மருந்துகளின் வணிகப் பெயர். அங்கே டோலோ என்றும் குரோசின் என்றும் விற்கப்படுவது எமக்குப் பனடோல், மூன்றிலும் இருப்பது பரசிற்றமோல். இது தெரியாதவர் பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என நினைத்து இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஈரலுக்கு ஆபத்து.

இன்னொன்று யுத்தம் நடந்த மண்ணுக்கே உரியது. ‘நாரி நோவு விடாவிட்டால் எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுங்கள்’ என்று தமிழ்நாட்டு வைத்தியர் சொல்வது அவருடைய நோயாளிகளுக்குச் சரி. உடம்பில் செல் துண்டோடு வாழும் ஒருவருக்கு அந்த ஸ்கானே ஆபத்தாகலாம். அதன் காந்தசக்தி சிலவகை உலோகத் துண்டுகளை அசைக்கக்கூடியது. ஆகவே உடம்பில் துண்டு இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். இதைச் சொல்லும் காணொளி தமிழ்நாட்டிலிருந்து வராது. எம்மிடமிருந்துதான் வரவேண்டும்.

தொலையாத கொப்பி

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. 2009 இல் வன்னியில் இடம் விட்டு இடம் ஓடி, கடைசியில் வெறுங்கையோடு முகாமுக்கு வந்தவர்களிடம் அடையாள அட்டையே இருக்கவில்லை, கிளினிக் கொப்பி எங்கே இருக்கும்? எந்த ஊசி போட்டது, என்ன ஒப்பரேசன் செய்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விபரங்கள் எல்லாம் பதுங்கு குழிகளோடு போய்விட்டன.

இந்தப் பின்னணியில் பார்த்தால், எமது மக்கள் ஒவ்வோர் அறிக்கையையும் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருப்பது வெறும் பழக்கம் அல்ல. அதை வெளிநாட்டில் இருக்கும் சகோதரத்துக்கு அனுப்பிவைப்பது இன்னும் ஒருபடி மேல். இங்கே எல்லாம் அழிந்தாலும் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு பிரதி இருக்கும். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்களின் ஆவணக் காப்பகம் அது.

மருத்துவத் தகவலும் தொலைபேசியும் சேர்ந்த இன்னொரு நினைவும் எமக்கு உண்டு. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் காயப்பட்டவர்கள் எத்தனை பேர், மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை உலகம் அறிந்தது, அங்கே பணியாற்றிய ஒரு சில அரச வைத்தியர்கள் தொலைபேசி வழியே சொன்னதால்தான். அப்போது அங்கே சுமார் 70,000 பேரே இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. முடிவில் முகாம்களுக்கு வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட. உண்மையைச் சொன்ன வைத்தியர்கள் மே மாதத்தில் தடுத்துவைக்கப்பட்டார்கள். ஜூலையில் ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினார்கள். எந்த எண்ணிக்கை சரி என்பதை அங்கே இருந்த மக்கள் அறிவார்கள். உத்தியோகபூர்வ அறிக்கை ஒன்றைச் சொல்ல, தெரிந்த ஒருவரின் குரல் வேறொன்றைச் சொன்னால் எதை நம்புவது என்பதை எமது மக்கள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

யாருடைய சொல்லை நம்புவது?

யுத்தத்துக்குப் பின்னரும் அந்தப் பாடத்தை மறக்க அரசு இடம் கொடுக்கவில்லை. 2020 டிசெம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணியைக் கொரோனாவுக்கு மருந்தென்று வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகவே அருந்தினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்று சொல்லி முஸ்லிம்களின் உடல்களை எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அந்தக் கட்டாயம் நீடித்தது. தரமற்ற இமியூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். இவற்றையெல்லாம் பார்த்த ஒருவரிடம் ‘அரசாங்கம் சொல்வதை மட்டும் நம்புங்கள்’ என்று சொல்வது எளிதல்ல.

2024 ஜூலையில் நடந்ததையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் பதில் வைத்திய அத்தியட்சகராக இருந்த இராமநாதன் அர்ச்சுனா, அங்கு முறைகேடுகள் நடப்பதாக முகநூல் நேரலையில் குற்றஞ்சாட்டினார். பெருந்தொகையான மக்கள் வைத்தியசாலை முன் திரண்டனர். அதே ஆண்டு நவம்பரில் அவர் சுயேச்சையாகப் போட்டியிட்டுப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அவருடைய குற்றச்சாட்டுகளையும் அரசியலையும் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றைத்தான். ஆஸ்பத்திரிக்குள் என்ன நடக்கிறது என்று தங்களிடம் யாராவது சொல்லமாட்டார்களா என்று மக்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதை அந்தக் கூட்டம் காட்டியது.

வாய்விட்டுச் சொல்ல முடியாத வருத்தங்களும் இருக்கின்றன. நித்திரை வராமை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையை நினைத்து வரும் நெஞ்சடைப்பு, பெண்களின் உடல்நலப் பிரச்சினைகள், குடிப்பழக்கம். ஊர் வைத்தியசாலை வரிசையில் பின்னால் நிற்பவர் அயலவர். கைபேசியில் யாரும் பார்ப்பதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் போன்றவை இருப்பதன் பெறுமதி இதுதான்.

நம்பிக்கை கொல்லும் இடம்

இத்தனை நியாயங்கள் இருந்தும், கைபேசி உயிரைப் பறிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது பிழையான தகவலை விட நுட்பமானது. அது தாமதம்.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் ஒவ்வொரு மாரி காலமும் அது வருகிறது. அதில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் குறையும்போதே தொடங்குகிறது. அந்த நேரத்தில் கைபேசியில் ஒருவர் ‘காய்ச்சல் விட்டிட்டுதெண்டால் பயமில்லை’ என்று ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே மரணத்துக்குக் காரணமாகலாம். உடம்பு நோவுக்கென்று அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றை எடுத்தால் இரத்தக்கசிவு அதிகரிக்கும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். எலிக்காய்ச்சலும் அப்படியே. உரிய நேரத்தில் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் மாறிவிடும், பிந்தினால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். தடுப்பு மருந்துகூட எல்லாருக்கும் உரியதல்ல. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் டொக்சிசைக்கிளினை வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. ‘அயல்வீட்டுக்குக் கொடுத்தவை, எங்களுக்கும் வாங்குவம்’ என்பது இங்கே பொருந்தாது.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மேல் வைக்கும் நம்பிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. லண்டனில் தாதியாக இருக்கும் பெறாமகள் அறிக்கையைப் பார்த்து நல்ல ஆலோசனை சொல்லலாம். ஆனால் அவரால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது, பொறுப்பேற்கவும் முடியாது. ‘உடனே கொண்டுபோய்க் காட்டுங்கோ’ என்பதே அவர் சொல்லக்கூடிய சிறந்த மருத்துவம்.

கைபேசி எப்போதும் திறந்திருக்கும் கதவும் அல்ல. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலில் மக்கள் எழுச்சியின்போதும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. முடக்கப்பட்டவற்றுள் வட்ஸ்அப்பும் இருந்தது. மருந்து விபரத்தை அதில் மட்டுமே வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் என்ன செய்தார்கள்? 2018 வன்முறைக்கு முன்னோடியாக அம்பாறையில் பரவியதும் ஒரு மருத்துவ வதந்தியே. முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்ததாகச் சொன்ன பொய் அது. மருத்துவம் பற்றிய பொய் உடம்பை மட்டுமல்ல, ஊரையும் எரிக்கும்.

செய்யக்கூடியவை

மக்கள் கைபேசியை விடப்போவதில்லை. விடச்சொல்வது நியாயமும் அல்ல. தெரிந்த ஒருவரின் குரலை, தமக்கு விளங்கும் தமிழில், தேவைப்படும் நேரத்தில் அவர்கள் அங்கே தேடுகிறார்கள். இந்த மூன்றையும் கொடுக்கக்கூடியவர்கள் எம்மிடையே ஏற்கனவே இருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருக்கிறது. அவர்களை ஊர் அறியும். ஒரு நோய் பரவும்போது அந்தப் பிரிவின் வைத்திய அதிகாரி தன் குரலில், இரண்டு நிமிடத்துக்குள், தினமும் ஒரு குறித்த நேரத்தில் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பினால், வதந்திக்கு இடம் சுருங்கும். அந்தப் பதிவில் ‘இது இன்னும் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறோம்’ என்று சொல்லவும் துணிய வேண்டும். 2024 டிசெம்பரில் பெயரில்லாத காய்ச்சலின் நாட்களில் மக்களுக்குத் தேவைப்பட்டது அப்படியொரு குரல்தான்.

மருந்து உறையில் குளிசையின் பெயரும், அது எதற்கென்பதும், எப்போது எடுப்பதென்பதும் தமிழில் எழுதப்படவேண்டும். இதற்குத் தொழில்நுட்பம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடமும் புலம்பெயர்ந்த வைத்தியர்களும் சேர்ந்தால், செல் துண்டு, அவயவ இழப்பு, முள்ளந்தண்டுப் பாதிப்பு, நீரிழிவு என்று எமது மக்களின் வருத்தங்களைப் பற்றி எமது தமிழில் குறுங்காணொளிகளை உருவாக்க முடியும். நோயாளர் அனுப்பும் அறிக்கைகளைக் கண்ட குழுக்களிலும் பகிர்வதை நாமும் நிறுத்தவேண்டும். 2022 இல் நிறைவேற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாகவே வகைப்படுத்துகிறது.

அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியவை சில உண்டு. தொடர்ந்து எடுக்கும் குளிசைகளின் பெயரையும், ஒத்துக்கொள்ளாத மருந்தையும், உடம்பில் துண்டு இருந்தால் அதையும் ஒரு கடதாசியில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு மருத்துவச் செய்தி வந்தால், சொன்னவர் யார், எந்த நாட்டில் இருந்து சொல்கிறார், எப்போது சொன்னது என்று பாருங்கள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், மூன்றாம் நாளும் நிற்காத காய்ச்சல், சலம் குறைதல், ஒரு பக்கம் கை கால் வழங்காமை போன்றவற்றுக்கு யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வேளையில் கைபேசியால் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: 1990 க்கு அழைப்பது.